பட்டறைகளின் பட்டணம் – 14: விரலுக்கு எத்தனை விழுக்காடு?

ஆள்காட்டி விரல் அடியோடு போனால் 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. கட்டைவிரலுக்கு 30, உள்ளங்கைக்குள் அதைத் தாங்கி நிற்கும் எலும்பும் சேர்ந்து போயிருந்தால் 40. கட்டைவிரல் தப்பி மற்ற நான்கும் போனால் 50. கை முழுக்கப் போனால் 60. தோள்மூட்டோடு போனால் 90. இரண்டு கையும் போனால்தான் நூற்றுக்கு நூறு.

காய்கறிக் கடையில் சாக்பீஸால் எழுதித் தொங்கவிடும் விலைப்பலகை மாதிரி இருக்கிறது அல்லவா? 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை இது. 1948-இல் வந்த ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் இதே எண்கள்தான். பழைய சட்டங்களையெல்லாம் சேர்த்துக் கட்டி 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள்ளும் இந்தப் பட்டியல் ஏறக்குறைய அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. ‘சம்பாதிக்கும் திறனில் இழந்த விழுக்காடு’ என்பது அதன் தலைப்பு. கையை எங்கே அறுத்தார்கள் என்பதை அளக்க 20.32 சென்டிமீட்டர், 11.43 சென்டிமீட்டர் என்று தசமத்தோடு கணக்கு வேறு. முதலில் பார்த்தபோது என்ன துல்லியம் என்று வியந்தேன். பிறகு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால், ஒன்று 8 அங்குலம், மற்றது நாலரை அங்குலம். வெள்ளைக்காரனின் அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றினார்களே தவிர, அறுக்கும் இடத்தை மாற்றவில்லை.

ஆவடி காங்கிரஸ் மாநாடு, விஜயந்தா டாங்கி, சைக்கிள் கம்பெனி என்று பெருமைப்படத்தக்க சங்கதிகளாகவே இதுவரை இந்தத் தொடரில் எழுதிவந்திருக்கிறேன். இந்த வாரம் அதே தெருக்களில் வேறொரு கணக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு தலைமுறையாக இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவருடைய விரல் பேச்சுக்குள் வந்துவிடும். அதை எழுதாமல் மேற்குச் சென்னையின் சரித்திரத்தை முடித்தால், பாதிக் கையால் எழுதிய சரித்திரம் அது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் கால் ஊன்றியது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ், ‘சோசலிசப் பாணிச் சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியாவும் வரிசையாக எழுந்தன. ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. பெரிய ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கச் சின்னப் பட்டறைகள் வேண்டுமே? 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை பிறந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. தெற்காசியாவின் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். வாஷர், பிராக்கெட், கிளிப், மூடி, மட்கார்டு தாங்கி என்று தகட்டிலிருந்து எதை வெட்டி எடுக்க வேண்டுமானாலும் ஒரு எந்திரம் வேண்டும். அதுதான் பவர் பிரஸ்.

பவர் பிரஸ் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் விரல் எப்படிப் போகிறது என்பது புரியாது. பக்கவாட்டில் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று, ஃபிளைவீல், மோட்டார் இழுப்பில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே மேடையில் ‘டை’. மேலே தலையில் ‘பஞ்ச்’. தொழிலாளி தகட்டை டையின் மேல் வைத்துக் காலால் பெடலை மிதித்தால், கிளட்ச்சுக்குள் ஒரு சாவி விழுந்து சக்கரத்தைத் தண்டோடு பூட்டும். தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். பஞ்ச் இறங்கும், வெட்டும், ஏறும். சாவி விலகும். அடுத்த தகடு. பழைய ரக பிரஸ்ஸில் சாவி ஒரு தடவை விழுந்துவிட்டால் முழுச் சுற்றும் முடியாமல் எமனே வந்தாலும் நிறுத்த முடியாது. இறங்கத் தொடங்கியது இறங்கியே தீரும்.

இதில் இரண்டு வழியாக ஆபத்து வரும். ஒன்று, கையும் காலும் தாளம் தப்புவது. ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான தடவை, வை, மிதி, எடு. வை, மிதி, எடு. சாப்பாட்டுக்குப் பிறகோ, இரவு ஷிஃப்டின் கடைசி மணியிலோ, வைப்பதற்கு முன்பே கால் மிதித்துவிடும். இன்னொன்றுக்குத் தொழிலாளி பொறுப்பே கிடையாது. சாவியோ அதன் ஸ்பிரிங்கோ தேய்ந்துபோய், மிதிக்காமலேயே இரண்டாவது அடி விழும். பட்டறை பாஷையில் அதற்கு ‘ரிப்பீட்’ என்று பெயர். சினிமாப் பாட்டுக்கு ரசிகர்கள் கத்துகிற அதே வார்த்தை.

பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு வெளியே எனக்கு அறிமுகமான ஒரு பெரியவர் இருக்கிறார். டை செட்டராக ரிட்டயர் ஆனவர். பெயர் வேண்டாம் என்றார், பட்டறையின் பெயரும் வேண்டாம் என்றார். வலது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது, நடுவிரலில் மேல் கணு கிடையாது. டீ கிளாஸைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் கவ்வி, சுண்டுவிரலை அடியில் முட்டுக் கொடுத்துப் பிடிக்கிறார். ஒரு சொட்டுச் சிந்துவதில்லை.

“வலி முதல்ல தெரியாது தம்பி. சத்தம்தான் மாறும். தகடு வெட்டுற சத்தம் வேற, இது வேற. சத்தம் மாறிடுச்சேன்னு தலைய தூக்கிப் பார்த்தேன். பக்கத்து மிஷின்காரன் என் கையப் பார்த்துட்டு மயக்கம் போட்டு விழுந்துட்டான். எல்லாரும் அவனுக்குத் தண்ணி தெளிக்க ஓடுறாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் டீயைக் குடித்தேன்.

தடுக்க வழி இல்லாமலா? 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், 21-ஆவது பிரிவு, ஆபத்தான எந்திர பாகத்தைச் சுற்றி அடைப்பு இருக்க வேண்டும் என்றது. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பஞ்ச் இறங்கும் என்ற ஏற்பாடு பல காலமாக உண்டு. இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது டைக்குள் எதுவும் போக வழியில்லை. ஒளித்திரை சென்சார் வைத்தால், நவீன பிரஸ் கை குறுக்கே வந்ததும் நின்றுவிடும். பழைய சாவி கிளட்ச்சில் அதுவும் உதவாது. இடுக்கியால் தகட்டை வைக்கலாம், ஆனால் எண்ணிக்கை குறையும். பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவனுக்கும், மாலைக்குள் லோடு அனுப்ப வேண்டிய முதலாளிக்கும், பெரிய கம்பெனிக்குச் சப்ளை தவறினால் ஆர்டர் போய்விடும் என்ற பயத்துக்கும் நடுவில் இடுக்கி சுவரில் தொங்கும். இரண்டு பட்டனில் ஒன்றை ஒரு ரூபாய்க் காசைச் செருகி நிரந்தரமாக அமுக்கி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜையன்று அதே பிரஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. வாசலில் குங்குமம் கொட்டி உடைத்த பூசணிக்காய்.

சட்டத்தின் பட்டியலுக்கு வருவோம். ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 500. முழு ஊனத்துக்கான உதவித்தொகை அதில் 90 விழுக்காடு, அதாவது 450. மெடிக்கல் போர்டு ஆள்காட்டி விரலுக்கு 14 விழுக்காடு என்று எழுதினால் நாளொன்றுக்கு 63 ரூபாய். மாதத்துக்கு 1,890. ஆயுள் முழுக்க வரும், வேலையில் தொடர்ந்தாலும் வரும். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி 1955-இல் கோயம்புத்தூருக்கு வந்த இந்தத் திட்டத்துக்கு முன்னால், விரல் போனவருக்கு முதலாளி மனசு வைத்துக் கொடுப்பதே கணக்கு. இல்லாவிட்டால் கோர்ட், கேஸ். ஆனால் அட்டை இல்லாமல், கான்டிராக்டர் கையில் தினக்கூலியாக வந்து நிற்பவனின் விரல் இன்றும் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போகலாம். நகக்கண்ணோடு நுனி மட்டும் போய் எலும்பு தப்பியிருந்தால் ஆள்காட்டிக்கு 5, சுண்டுவிரலுக்கு 2. இந்த நுனி வெட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘கில்லட்டின் அம்புட்டேஷன்’. பிரெஞ்சுப் புரட்சியில் 1792 முதல் தலைகளை அறுத்த கருவியின் பெயர். அம்பத்தூரில் தகடு வெட்டும் ஷியரிங் மிஷினுக்கும் அதே பெயர்தான். ராஜாவின் கழுத்து, இரும்புத் தகடு, சுண்டுவிரல் நுனி மூன்றுக்கும் ஒரே சொல் போதும் என்றாகிவிட்டது.

கட்டைவிரலுக்கு மட்டும் 30 ஏன்? மற்ற நான்கு விரலுக்கும் எதிரே வந்து நிற்பது அது ஒன்றுதான். சுத்தியலோ சாவியோ சோற்றுக் கவளமோ, எதைப் பிடிக்கவும் அது வேண்டும். துரோணர் எந்த அட்டவணையையும் படித்தவரில்லை. ஆனாலும் ஏகலைவனிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பழைய கதைகளில் உறுப்பு போவது பெரும்பாலும் தண்டனையாக. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை ஒன்று: இரவில் கீரந்தை வீட்டுக் கதவைத் தட்டி, அவன் மனைவி மேல் சந்தேகம் வரக் காரணமான குற்றத்துக்காகப் பாண்டியன் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான். பின்னால் பொன்னால் கை செய்து பொருத்திக்கொண்டதாகச் சொல்லி, பொற்கைப் பாண்டியன் என்றது ஊர். தமிழில் செயற்கைக் கையைப் பற்றிய மிகப் பழைய நினைவு இதுவாக இருக்கலாம் என்பது என் கட்சி. ராஜாவுக்குப் பொற்கை. குடிமகனுக்கு ‘மாறுகால் மாறுகை வாங்குதல்’, அதாவது வலது கையும் இடது காலும், அல்லது இடது கையும் வலது காலும். மதுரை வீரன் கதையில் திருமலை நாயக்கரின் ஆணையால் வீரனுக்கு நேர்வது அதுதான். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே அவன் சாமியாக நிற்கிறான். இன்று நம் குலசாமிகளில் பலர் இப்படி வெட்டுப்பட்டவர்கள்தான்.

காப்பாற்றுவதற்காக அறுப்பது அதைவிட மிகப் பழையது. போர்னியோத் தீவில் லியாங் தெபோ என்ற குகையில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டைப் பற்றி 2022-இல் ‘நேச்சர்’ ஏட்டில் ஒரு கட்டுரை வந்தது. வயது 31,000 ஆண்டு. சிறு வயதில் இடது காலின் கீழ்ப்பகுதியை யாரோ நேர்த்தியாக அறுத்து எடுத்திருக்கிறார்கள். எலும்பு முனை ஆறி மூடியிருக்கிறது. அறுவைக்குப் பின் 6 முதல் 9 வருடம் வரை அந்தப் பிள்ளை உயிரோடு இருந்திருக்கிறது. மலையும் காடும் நிறைந்த ஊரில், ஒற்றைக் காலோடு. யாரோ தூக்கிச் சுமந்திருக்கிறார்கள்.

நடுவில் பல ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறேன். 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆம்புரோஸ் பாரே, அறுத்த இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதை விட்டு, ரத்தக் குழாயை நூலால் கட்டினார். 1846 டிசம்பர் 21-ஆம் தேதி லண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈதர் மயக்கத்தில் ஒருவருடைய காலை எடுத்தார். அதுவரை நல்ல சர்ஜன் என்றால் கை வேகமானவர் என்றே பொருள். லிஸ்டனும் அப்படிப் பேர் வாங்கியவர்தான்.   

அம்பத்தூரில் விரல் போனவர் எங்கே ஓடுவார்? முதலில் பக்கத்து நர்சிங் ஹோம், பிறகு அயனாவரம் ஈ.எஸ்.ஐ. இன்னும் சிக்கலானால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வட சென்னை, மேற்குச் சென்னைப் பட்டறைகளின் கைகள் வந்து சேரும் இடமாக ஸ்டான்லி ஆனதற்கு டாக்டர் ஆர். வெங்கடசாமி முக்கியக் காரணம். கைக்கென்றே தனி சிகிச்சைப் பிரிவை 1970-களில் அங்கே வளர்த்தெடுத்தவர். விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டு எலும்பு தெரிகிறது என்றால், எலும்பை இன்னும் கொஞ்சம் கத்தரித்து, தோலை இழுத்துத் தைத்து மூடுவதுதான் எளிய வழி. விரல் குட்டையாகிவிடும். வெங்கடசாமியும் என். சுப்பிரமணியனும் வேறு வழி கண்டார்கள். அதே விரலின் பக்கவாட்டிலிருந்து சாய்வான முக்கோணமாகத் தோலை எடுத்து, அதற்குள் ஓடும் நரம்பையும் ரத்தக் குழாயையும் அறுக்காமல், அப்படியே நுனிக்கு நகர்த்தி மூடினார்கள். விரலின் நீளம் தப்பியது, நுனியில் உணர்ச்சியும் தப்பியது. 1980-இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் சர்ஜரி ஏடு அதை வெளியிட்டது. கை அறுவை சிகிச்சை படிக்கிறவர்கள் உலகெங்கும் அதை ‘வெங்கடசாமி ஃபிளாப்’ என்று படிக்கிறார்கள். சட்டப் பட்டியலில் 2 விழுக்காடு, 5 விழுக்காடு என்று கிடக்கும் நுனிக்காக ஒரு மருத்துவர் இத்தனை மெனக்கெட்டிருக்கிறார். மேற்குச் சென்னையின் கைகளைப் பற்றி எழுதும்போது நான் தலை நிமிர்ந்து எழுதும் வரி இது.

துண்டான விரலைத் திரும்ப ஒட்ட முடியாதா என்று கேட்பீர்கள். 1965-இல் ஜப்பானின் நாரா மாகாணத்தில் கொமாட்சுவும் தமாயும் முழுதாகத் துண்டான கட்டைவிரலை மைக்ராஸ்கோப் வைத்து ஒட்டிக் காட்டினார்கள். இன்று சென்னையிலும் கோவையிலும் நடக்கிறது. ஆனால் கத்தி வெட்டியது போல நேரான வெட்டு வேண்டும். பிரஸ் நசுக்கிவிடுகிறது, நசுங்கிய ரத்தக் குழாயைத் தைப்பது, கூழான நூலை ஊசியில் கோர்ப்பது மாதிரி. விரலைக் கொண்டுபோகும் விதத்திலும் பல விரல்கள் வீணாகின்றன. எல்லாரும் ஐஸ் கட்டிக்குள் நேராகப் போடுகிறார்கள். அது தப்பு. சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். பெரியவரின் விரலை அன்று யாரும் தேடவில்லை. மறுநாள் டையைக் கழற்றித் துடைத்தபோது கிடைத்ததாம். வேப்பமரத்தடியில் புதைத்தார்களாம்.

ஸ்டான்லியைப் பற்றி இன்னும் இரண்டு சங்கதி. 2018 பிப்ரவரியில், மின்சாரம் தாக்கி இரண்டு கையையும் இழந்திருந்த ஒரு கொத்தனாருக்கு அங்கே இறந்தவர் ஒருவரின் இரண்டு கைகளையும் பொருத்தினார்கள். அரசு மருத்துவமனை, காசு கிடையாது. இரண்டாவது, அங்கே எம்.பி.பி.எஸ். படித்த வி.எஸ். ராமச்சந்திரன். அமெரிக்காவுக்குப் போய் சான் டியாகோவில் மூளை ஆராய்ச்சியாளரானார். கை போன பின்னும் இல்லாத கை வலிக்கிறது, மடங்கி இறுகிக்கொள்கிறது என்று சொல்பவர்களுக்காக, 1990-களில் ஒரு அட்டைப் பெட்டியும் முகம் பார்க்கும் கண்ணாடியுமாக ஒரு சிகிச்சை கண்டார். இருக்கும் கையைக் கண்ணாடிக்கு முன் வைத்தால், இல்லாத கையின் இடத்தில் அதன் பிம்பம் தெரியும். இருக்கும் கையை விரித்தால் இல்லாத கையும் விரிவதாக மூளை நம்பும். பலருக்கு வலி தளர்ந்தது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“மழ வந்தா நுனி அரிக்கும் தம்பி. சொறிய இடம் இருக்காது. வீட்ல சொன்னா சிரிக்கும். உங்க டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கு பாரு.”

விரல் போனவர்கள் பழக்கிக்கொள்ளும் காரியங்கள் பல உண்டு. சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது. பெண் பார்க்கப் போகும்போது காபி டம்ளரை இடது கையால் வாங்கக் கூடாதே என்று காபியே வேண்டாம் என்பது. ரேஷன் கடை மிஷினில் கைரேகை வைக்கச் சொன்னால் வேறு விரலை நீட்டுவது. பெரியவருக்கு வலது கைதான் பழுது, அதனால் ஓட்டுச் சாவடியில் தொல்லை இல்லை. மை வைப்பது இடது ஆள்காட்டி விரலில்.

இடது விரல் போனவருக்கு? 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் அதையும் யோசித்து வைத்திருக்கின்றன. இடது ஆள்காட்டி விரல் இல்லையென்றால் இடது கையின் வேறு எந்த விரலிலும் வைக்கலாம். இடது கையில் விரலே இல்லையென்றால் வலது கையின் ஆள்காட்டியிலோ வேறொரு விரலிலோ. இரண்டு கையிலும் ஒரு விரலும் இல்லையென்றால், இடது கையோ வலது கையோ, எது எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதன் முனையில்.

அந்த விதியைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். “எத்தினி பெர்சன்ட் போச்சுன்னு கேக்கமாட்டானா?” என்றார். கேட்கமாட்டான் என்றேன். கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆவடி லோக்கலைப் பிடிக்க எழுந்தார்.